பி.காம். படித்தால் என்ன வேலை? புதுக்கோட்டைச் சீமையின் பழைய பேரேட்டில் ஒரு பதில்

இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் படித்துக்கொள்ளலாம். ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், டீச்சர் கதையைச் சொல்லிவிட்டுத்தான் கணக்குக்கு வருவேன் என்று.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து போன் ஓயவில்லை. என்னிடம் காமர்ஸ் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள். "டீச்சர், பொண்ணு காமர்ஸ் குரூப். பி.காம். போடவா, பிபிஏ போடவா?" "பி.காம். சிஏ-ன்னு போட்டிருக்காங்களே, அது ஆடிட்டர் படிப்பா டீச்சர்?" "எங்க மச்சான் பின்டெக் படிக்கச் சொல்றார், லோன் போட்டாவது சேர்த்துவிடவா?" எல்லாக் கேள்விக்கும் முடிவில் ஒரே கேள்விதான் வருகிறது: எதைப் படித்தால் பிற்காலத்தில் வேலை நிச்சயம்?

இந்தக் கேள்வி நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. நூறு வருடத்துக்கு மேலாக நம் சீமையில் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு காலத்திலும் நிச்சயமான பதில் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் ரங்கூன். அப்புறம் டைப்ரைட்டிங். அப்புறம் பேங்க். அப்புறம் கம்ப்யூட்டர். ஒவ்வொரு பதிலும் ஒரு தலைமுறைக்குச் சரியாக இருந்தது, பிறகு மாறிப்போனது. மாறியபோது விழுந்தவர்கள் யார், நின்றவர்கள் யார், நின்றவர்கள் கையில் என்ன இருந்தது என்று பார்த்தால் உங்கள் பிள்ளைக்கான பதிலும் அதிலேயே கிடைக்கும்.

முந்திரிக் கணக்கு

கல்லூரியெல்லாம் வருவதற்கு முன்பே வணிகப் படிப்பு நம்மிடம் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். ஒன்று, இரண்டு மட்டுமல்ல, ஒன்றுக்குக் கீழே உள்ளதும் பாடம்தான். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி. முந்திரி என்றால் ஒன்றை 320 பங்காக்கி அதில் ஒரு பங்கு.

இவ்வளவு சின்னப் பின்னம் யாருக்குத் தேவை என்று வகுப்பில் கேட்பீர்கள். அப்போது அம்மன் காசைப் பற்றிச் சொல்வேன், நினைவிருக்கிறதா? புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தபோது அதற்குச் சொந்தமாக ஒரு செப்புக்காசு இருந்தது. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு. ஒரு ரூபாய்க்கு 16 அணா. பெருக்கிப் பாருங்கள், 320. அதாவது ஓர் அம்மன் காசு என்பது ஒரு ரூபாயில் சரியாக ஒரு முந்திரி.

பிரிட்டிஷ் ரூபாயும் அணாவும் ஒரு பக்கம், அம்மன் காசு இன்னொரு பக்கம். சந்தையில் காய்கறி விற்றவருக்கும் இரண்டையும் மனசுக்குள் மாற்றிக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. பிறகு அம்மன் காசு அம்மாச்சிகளின் சுருக்குப் பையோடு நின்றுவிட்டது. அந்தக் கணக்குப் பழக்கம் நிற்கவில்லை.

பெட்டியடிப் பையன்

அரிமளம், ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, பனையப்பட்டி, குழிபிறை, மேலைச்சிவபுரி என்று நம் மாவட்டத்தின் தென்பகுதியில் நகரத்தார் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த வீடுகளின் தேக்குத் தூண்களைப் போட்டோ எடுக்கிறோம். அந்தத் தூண்களுக்குப் பணம் வந்த இடங்கள் ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன். அங்கே அவர்களுடைய கடைகள் இருந்த கட்டடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு மேசை, பேரேடுகள். அவ்வளவுதான் அலுவலகம்.

இந்தத் தொழிலுக்குப் படிப்பு எப்படி நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனைக் கடைக்கு அனுப்புவார்கள். அவன் பெயர் பெட்டியடிப் பையன். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவதால் அந்தப் பெயர். எடுபிடி வேலை செய்வான், காசு எண்ணுவான், பெரியவர்கள் எழுதுவதைப் பார்ப்பான். கை தேறியதும் அடுத்தாள் ஆவான். மேலும் தேறினால் கடையையே நடத்தும் ஏஜெண்டு. மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளம் பேசி அனுப்புவார்கள். கெடு முடிந்ததும் கணக்கை முடித்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். கணக்கு நேராகவில்லை என்றால் அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நம் பாடப்புத்தகத்தில் இருப்புநிலைக் குறிப்பு என்று படித்தீர்களே, அதை அவர்கள் ஐந்தொகை என்பார்கள். இத்தாலியில் லூகா பசியோலி என்ற துறவி 1494-இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார் என்று முதல் பாடத்தில் படிப்போம். அந்தப் பெயரையே கேள்விப்படாத பையன்கள் ரங்கூன் முகல் தெருவில் பற்றையும் வரவையும் நேர் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே கோயிலில் கூடித்தான் அந்தந்த மாதத்து நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள்.

1929-30இல் பர்மாவில் வங்கி விசாரணைக் குழு ஒன்று கணக்கெடுத்தபோது, அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன, அவற்றில் புரண்ட பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி! அன்றைக்கு ஒரு பையனின் தகப்பனாரிடம் "எது நிச்சயமான வேலை?" என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் ரங்கூன் என்றிருப்பார்.

அதே நேரத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1930களின் கடைசியில் அது 25 பங்கு ஆகிவிட்டது. அவர்களுக்கு வேண்டியது பணம், கிடைத்தது மண். நிலத்தை இழந்தவர்களின் கோபமும் கூடவே சேர்ந்தது. ஐந்தொகையில் சொத்து பெரிதாகத் தெரியும், ஆனால் அதை விற்றுக் காசாக்க முடியாது. நிகர மதிப்பு வேறு, ரொக்கம் வேறு என்று நான் தொண்டை வறளச் சொன்னதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் கிளம்பினார்கள். காட்டு வழியில் செத்தவர்கள் ஏராளம். 1948-இல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962-இல் ராணுவ ஆட்சி வந்து மிச்சம் இருந்ததும் போனது. நிச்சயமான வேலை என்று சொன்னது ஒரு தலைமுறைக்குள் கரைந்துவிட்டது.

ஆனால் கவனியுங்கள். நிலமும் கடையும்தான் போயின. கானாடுகாத்தானைச் சேர்ந்த மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறப்பு. கிட்டங்கியில் கற்ற வெளிநாட்டுப் பணமாற்றுத் தொழில்தான் வங்கியாக உருவெடுத்தது. வேறு பலர் பஞ்சாலைக்கும் தோட்டத்துக்கும் போனார்கள். பெட்டியடியில் உட்கார்ந்து கற்ற கணக்கு, இடம் மாறினாலும் அவர்களோடு போனது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தப் படிப்பு ஒரு சமூகத்துக்குள் நடந்தது, அதுவும் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். என் வகுப்பில் இருந்த விவசாயக் கூலியின் மகளுக்கோ, மீனவர் மகனுக்கோ அந்தப் பெட்டியின் பக்கத்தில் இடம் கிடைத்திருக்காது. வணிகப் படிப்பு பள்ளிக்கும் கல்லூரிக்கும் வந்ததன் பெரிய பலன் அதுதான். பட்டத்தைக் குறை சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பட்டம் வந்த கதை

சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் 1886-இல் வணிகப் பள்ளி தொடங்கினார்கள். இந்தியாவில் முறையான வணிகக் கல்வியின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்வது வழக்கம். வணிகத்துக்கென்றே முதல் கல்லூரி 1913-இல் பம்பாயில் வந்த சைடனாம் கல்லூரி. நம் ஊர் ராஜா கல்லூரி 1880-இல் வந்தது. திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தியும், பெண்கள் படிக்கக் கூடாது என்ற எதிர்ப்பைத் தாண்டி முத்துலட்சுமி அம்மையாரும் படித்த இடம். அந்தக் காலத்தில் கல்லூரி என்றால் வக்கீல், டாக்டர், சர்க்கார் உத்தியோகம். கணக்கு எழுதுவதற்குப் பட்டமா என்று சிரித்திருப்பார்கள்.

அந்தச் சிரிப்பு நின்றதற்குக் காரணம் ஏமாற்றுகள். 1906 அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி, அரசாங்கத்தைப் போலப் பத்திரம் என்று நம்பி ஆயிரக்கணக்கானோர் சேமிப்பைப் போட்டிருந்தார்கள். உள்ளே கணக்கு எப்படி இருந்தது என்று கேட்க வெளியாள் இல்லை. முதலாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடிக்குப் பிறகுதான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நகரத்தார் சிலரும் சேர்ந்து நம்மவர்களுக்கு நம்பிக்கையான வங்கி வேண்டும் என்று இந்தியன் வங்கியை ஆரம்பித்தார்கள். 1907 ஆகஸ்ட் 15-ஆம் தேதி அது வேலையைத் தொடங்கியது.

1913-இல் கம்பெனிச் சட்டம் வந்தது. கம்பெனி என்றால் என்னென்ன கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், தகுதி பெற்ற தணிக்கையாளர் அதைப் பார்க்க வேண்டும் என்று விதித்தது. 1932-இல் தணிக்கையாளர்களுக்கான விதிகள் வந்தன. 1949 ஜூலை 1-ஆம் தேதி பட்டயக் கணக்காளர் நிறுவனம் உருவானது. இன்று நாம் சிஏ என்று சொல்வது அதைத்தான். ஒவ்வொரு படியிலும் பாருங்கள், ஊரார் பணம் மோசம் போன பிறகோ, போய்விடுமோ என்ற பயத்திலோதான் கணக்குப் படித்தவருக்கு மரியாதை கூடியிருக்கிறது.

இந்த இடத்தில் என் மாணவிகளுக்குத் தவறாமல் சொன்ன ஒரு பெயர் ஆர். சிவபோகம். 1907-இல் சென்னையில் பிறந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். வெளியே வந்து 1933-இல் கணக்கியல் டிப்ளமா முடித்தார். இந்தியாவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் பெண் அவர்தான். ஆனால் சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று சட்டம் குறுக்கே நின்றது. அவர் வழக்குப் போட்டு ஜெயித்து, பிறகு சொந்தமாகத் தொழில் நடத்தினார். "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு ஆடிட்டர் படிப்பு, அலையணும்" என்று இன்றைக்கும் என்னிடம் சொல்லும் தகப்பனார்கள் இருக்கிறார்கள். 1930களிலேயே ஒரு பெண் நீதிமன்றப் படியேறி முடித்துவைத்த விவாதம் அது.

டைப்ரைட்டிங்கும் பேங்கும்

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பகுதி நன்றாகத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். காலை ஆறு மணிக்கே சடசடவென்று சத்தம். லோயர், ஹையர், கூடவே ஷார்ட்ஹாண்டு. பி.காம். பட்டமும் இரண்டு ஹையரும் இருந்தால் பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் தேடி வந்தார்கள்.

1969 ஜூலை 19-ஆம் தேதி 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் உண்டு. கிராமம் கிராமமாகக் கிளைகள் திறந்தார்கள், கிளைக்குக் கிளை கிளார்க் தேவைப்பட்டார்கள். அதே 1969-இல்தான் புதுக்கோட்டையில் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் வந்தது. இரண்டும் ஒரே வருடத்தில் வந்தது தற்செயல்தான். ஆனால் நம் மாவட்டத்துப் பெண்களுக்கு அது நல்ல வேளை.

1978-இல் பியூசி போய் பிளஸ் டூ வந்தது. பள்ளிக்கூடத்திலேயே வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பாடமாயின. கூடவே ஒரு கெட்ட பெயரும் வந்தது. மார்க் எடுத்தால் முதல் குரூப், இல்லாவிட்டால் மூன்றாம் குரூப். "கணக்கு வராதவங்களுக்குத்தானே டீச்சர் காமர்ஸ்?" என்று பெற்றோர் என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். கணக்குப்பதிவியல் என்ற பெயரிலேயே கணக்கு இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். அப்படி வேண்டாவெறுப்பாகச் சேர்ந்த பிள்ளைகளில் பலர், இருப்பாய்வு முதல் தடவை நேரானபோது முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வங்கி வேலை என்றதும் ராயவரத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா. இந்தியன் வங்கியில் நெடுங்காலம் பணியாற்றிக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதிக் குவித்தவர். வேலை ஒன்று, மனசுக்குப் பிடித்தது இன்னொன்று என்றாலும் இரண்டையும் நடத்தலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. ஓவியம் பிடிக்கும், ஆனால் வீட்டில் காமர்ஸ் சேர்க்கிறார்கள் என்று கண்ணைக் கசக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

1991-இல் அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எழுத்தறிவு இயக்கம், பெண்கள் சைக்கிள் ஓட்டிய இயக்கம் என்று அதை உலகமே பேசியது. கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டதும் அந்தக் காலத்தில்தான். கூலிக்குக் கல் உடைத்தவர்கள் குத்தகைதாரர் ஆனபோது முதலில் தேவைப்பட்டது எது? எத்தனை லோடு போனது, எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு என்று எழுதத் தெரிவது. கணக்கு எழுதத் தெரியாவிட்டால் குத்தகை பேரளவுக்குத்தான் நம்முடையது, லாபம் வேறொருவருடையது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு

1979-இல் அமெரிக்காவில் விசிகால்க் என்ற மென்பொருள் வந்தது. இன்றைய எக்செல்லின் தாத்தா. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் பிரிக்லின் அப்போது ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்த மாணவர். கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் வரிசையாக எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலில் பிறந்த யோசனை. நம் நாட்டில் 1986-இல் டேலி வந்தது. அதுவும் பாரத் கோயங்கா என்ற மகன், தகப்பனாரின் தொழிலுக்குக் கணக்கு மென்பொருள் வேண்டும் என்று எழுதியது. கணக்கு எழுதும் கஷ்டம் தெரிந்தவர்கள்தான் இரண்டையும் செய்தார்கள்.

வங்கிகளில் கம்ப்யூட்டர் வந்தது. 2000-2001இல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வு அறிவித்தபோது சுமார் 1 லட்சம் பேர் வெளியே வந்தார்கள். பேரேட்டில் கூட்டல் போடவும் பாஸ்புக்கில் எழுதவும் மட்டுமே ஆள் வேண்டிய காலம் முடிந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடிகளில் டேலி சென்டர் போர்டு ஏறியது.

"இனி கணக்காளர் எதற்கு?" என்று அப்போதும் கேட்டார்கள். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது பதில் தெரிந்தது. கீரமங்கலத்தில் உரக்கடை வைத்திருப்பவரும் அறந்தாங்கியில் இரும்புக் கடை வைத்திருப்பவரும் மாதாமாதம் ரிட்டர்ன் போட ஆளைத் தேடினார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இன்று அந்த வேலையில்தான் கௌரவமாக வாழ்கிறார்கள். அதே நேரத்தில் வெறும் என்ட்ரி போடத் தெரிந்தவர்கள் குறைந்த சம்பளத்திலேயே நிற்கிறார்கள். இருவரும் ஒரே பட்டம், ஒரே வருடம். ஒருவருக்கு அந்த எண் ஏன் அங்கே வருகிறது என்று தெரியும், மற்றவருக்கு எந்தக் கட்டத்தில் தட்ட வேண்டும் என்று மட்டும் தெரியும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாக் கணக்கையும் அதுவே எழுதிவிடும் என்கிறார்கள். எழுதட்டும். 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். இருப்பு என்று காட்டிய பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். நாட்டின் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஒன்று அது. கூட்டல் கழித்தலுக்கு அங்கே குறைவில்லை. பேங்கில் இந்தப் பணம் நிஜமாக இருக்கிறதா என்று நேராகக் கேட்டு உறுதி செய்யும் ஆள்தான் இல்லாமல் போனார். 1906-இல் ஆர்பத்நாட்டில் இல்லாமல் போன அதே ஆள்.

சரி டீச்சர், என்னதான் சேர்க்கட்டும்?

இதுவரை பொறுமையாக வந்தவர்களுக்கு, நான் போனில் சொல்வதை ஒழுங்காக எழுதித் தருகிறேன்.

1. பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். பி.காம். சிஏ என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். ஆடிட்டர் படிப்பான சிஏ அல்ல. விண்ணப்பம் போடும் முன் மூன்று வருடத்துப் பாடப் பட்டியலை வாங்குங்கள். நிதிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், கம்பெனிச் சட்டம், வருமான வரி, தணிக்கை ஐந்தும் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெயர் எதுவானாலும் சரி. இவற்றைக் குறைத்துவிட்டுப் புதுப்புதுப் பெயரில் தாள்கள் இருந்தால் யோசியுங்கள்.

2. பிபிஏ கெட்ட படிப்பு இல்லை. வீட்டில் தொழில் இருக்கிறது, விற்பனையிலும் ஆட்களை நடத்துவதிலும் ஆசை இருக்கிறது என்றால் நல்லது. ஆனால் பின்னால் எம்பிஏ படிக்க பிபிஏ கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் புதுக்கோட்டை ரோட்டிலேயே சூரியூரில் திருச்சி ஐஐஎம் இருக்கிறது. அதற்கான கேட் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். பேங்க் தேர்வும் டிஎன்பிஎஸ்சி-யில் பெரும்பாலான பதவிகளும் அப்படியே. "பேங்க் வேலைக்கான சிறப்பு பட்டம்" என்று அதிகப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

3. பெட்டியடி எங்கே என்று கேளுங்கள். வேலை நடக்கும் இடத்தில் உட்காராமல் கணக்கு வராது. சிஏ படிப்பில் ஆர்ட்டிக்கிள்ஷிப் என்று இருப்பது அதுதான். முன்பு மூன்று வருடம், 2023 ஜூலையிலிருந்து இரண்டு வருடம். பிளஸ் டூ முடித்ததும் பவுண்டேஷன் எழுதலாம். பி.காம்.-இல் 55 சதவீதம் எடுத்தால் பவுண்டேஷன் இல்லாமல் நேராக இன்டருக்குப் போகலாம். கடினமான படிப்பு, ஒரே முயற்சியில் முடிப்பவர்கள் குறைவு. அதைச் சொல்லித்தான் சேர்க்க வேண்டும். காஸ்ட் அக்கவுண்டன்ட், கம்பெனி செக்ரட்டரி வழிகளும் இருக்கின்றன. இவை எதுவும் வேண்டாம் என்றாலும் லீவு நாட்களில் பக்கத்து ஆடிட்டர் ஆபீசிலோ, மாமாவின் நெல் மண்டியிலோ உட்கார்ந்து ஒரு வருடக் கணக்கை முழுதாக எழுதட்டும்.

4. வணிகக் கணிதம், புள்ளியியல், ஆங்கிலம் மூன்றையும் ஒதுக்க வேண்டாம். எந்த வேலைக்கு மாறினாலும் கூட வருபவை இவை.

5. கடன் வாங்கும் முன் உங்கள் பிள்ளையையே உட்கார வைத்து ஐந்தொகை போடச் சொல்லுங்கள். மூன்று வருடக் கட்டணம், விடுதி, வட்டி ஒரு பக்கம். அந்தக் கல்லூரியில் போன வருடம் முடித்தவர்கள் நிஜமாக வாங்கும் சம்பளம் மறுபக்கம். கல்லூரிக்காரர் தரும் விளம்பரத்தில் இருக்கும் சம்பளம் அல்ல, அங்கே படித்த நாலு பேரை நேரில் கேட்டு வாங்கிய எண். என் மாணவி ஒருத்தி போன வருடம் மகளுக்காக இப்படிக் கணக்குப் போட்டாள். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் அழகான பெயருள்ள படிப்பு, பெரிய தொகை. வயலை அடமானம் வைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மகளே கணக்கை எழுதிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நேராகாது" என்றாளாம். இப்போது அரசுக் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டே ஓர் ஆடிட்டர் ஆபீசுக்குப் போய் வருகிறாள். வயல் வயலாகவே இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகையும் வருகிறது. விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

6. வேலை என்றால் சென்னை, பெங்களூரு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2002-இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி விவசாயிகளே கம்பெனி நடத்த வழி செய்தார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் என்று பார்க்கிறோமே, அவை. 2018 நவம்பரில் கஜா புயல் நம் பக்கத்துத் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனபோது, நஷ்டத்தை எழுதிக் காட்டத் தெரியாமல் தவித்த குடும்பங்களை நாம் பார்த்தோம். விவசாயிக்குப் புரியும் தமிழில் ஐந்தொகையை விளக்கத் தெரிந்த பட்டதாரிக்கு நம் மாவட்டத்திலேயே வேலை இருக்கிறது.

எந்த வேலை 2050-இல் இருக்கும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, கல்லூரி விளம்பரம் எழுதுபவருக்கும் தெரியாது. ரங்கூன் அனுப்பிய தகப்பனாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அடுத்தவர் பணத்துக்குப் பைசா சுத்தமாகக் கணக்குக் கொடுக்கத் தெரிந்தவரை, அம்மன் காசு காலத்திலிருந்து இன்றுவரை இந்தச் சீமை சும்மா உட்கார விட்டதில்லை. அதைக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் பிள்ளையைச் சேருங்கள்.

என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். லைக் போட்டுவிட்டுப் போகாமல், பிளஸ் டூ-வில் என்ன வேலைக்குப் போவோம் என்று நினைத்தீர்கள், இன்று என்ன வேலை செய்கிறீர்கள் என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். கடை வைத்திருப்பவர்களும் எழுதுங்கள், வீட்டில் இருப்பவர்களும் எழுதுங்கள், வளைகுடாவில் இருப்பவர்களும் எழுதுங்கள். இந்த வருடம் சேரப்போகும் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள். சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போன் செய்யுங்கள். பிள்ளையையே பேசச் சொல்லுங்கள், படிக்கப் போவது அவர்கள்தானே.

எல்லோரும் நல்லா இருங்க.

உங்கள் காமர்ஸ் டீச்சர்